ஓட்டிப் பார்க்காத ரம்பம்

அக்டோபர் 9

சாப்பிடும்போது அத்தை, "அந்த மிஷின் சத்தந்தான் பிள்ளையக் கொண்டுபோச்சு" என்றார். "இல்லை" என்று நான் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்டூலை என் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னவை அவை. "தொப்புள்கொடியில முடிச்சு விழுந்திருந்துச்சும்மா. உள்ள புரண்டுக்கிட்டே இருக்கிற பிள்ளைக்குச் சில சமயம் அப்படி ஆயிரும்." சத்தத்தால் இருக்குமா என்று நான் கேட்டேன். "சத்தத்தால இல்ல. நீ நடந்ததால இல்ல, தூக்கினதால இல்ல. யாராலயும் இல்ல." அப்போது என் கணவர் அங்கே இல்லை. பிள்ளையைப் புதைக்கப் பெட்டி செய்ய ஊருக்குப் போயிருந்தார். சில்வர் ஓக் பலகையைக் கைவாளால் அறுத்துச் செய்தார். எங்கள் வீட்டில் மரம் கைவாளால் அறுபட்டது அன்றைக்குத்தான்.

இன்று அத்தை அப்படிச் சொன்னதும் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். பாதிச் சோற்றோடு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 11

மழை விடவில்லை. இந்த மலை ஈரத்தில் இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருப்பிடிக்கும். கொட்டகை ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டு, கழற்றி வைத்திருந்த பாகங்களுக்கெல்லாம் எண்ணெய் தடவினேன். உட்கார்ந்தே செய்தேன். தையல் இன்னும் இழுக்கிறது.

எங்கள் தொழிலை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். அறுபதுகளில் காப்பி எஸ்டேட்டுகள் வாங்கிப் போட்ட, மரம் அறுக்கும் மிஷின் ரம்பங்கள் பழைய கிடங்குகளில் கோணிக்கு அடியில் கிடக்கும். அவர் தேடிப் பிடித்து வாங்கி வருவார். முழுக்கப் பிரித்து, இறுகிப்போன பிஸ்டனை விடுவித்து, இல்லாத பாகத்தைச் செத்துப்போன வேறு மிஷின்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, மறுபடி ஓடவைப்போம். சேகரிப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கார்புரேட்டரும் காயிலும் என் பங்கு. என் விரல்கள் சின்னவை. ஜெர்மன் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படிப்பவளும் நான்தான்.

ஒரு மிஷின் ஓடியதும் மரத்துண்டிலிருந்து ஒரு வில்லை அறுத்து, தேதி எழுதிக் கொட்டகைச் சுவரில் ஆணியடிப்போம். கடைசி வில்லையில் மே மாதத் தேதி இருக்கிறது. எனக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்று, "இனிமே பிள்ள பிறந்து தலை நிக்கிற வரைக்கும் இங்க ஒரு மிஷினும் உறுமக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முடித்தவையெல்லாம் ஓட்டிப் பார்க்கப்படாமல், துணி போர்த்தி, அலமாரியில் நிற்கின்றன. ஆகஸ்டில் ஒருநாள் மட்டும், பெங்களூரிலிருந்து வாங்க வந்த குருமூர்த்தி சார் கேட்டார் என்பதற்காக, கணவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் ஓட்டினார். செப்டம்பர் கடைசியில் பிள்ளை அசைவதை நிறுத்தியது.

இப்போது சத்தம் போடக்கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் ஒரு கயிற்றை இழுத்து ஒரு மிஷினைக் கிளப்பினால், காரணம் இல்லை என்பது ஊருக்கெல்லாம் கேட்டுவிடும். அதனால் யாரும் இழுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அத்தை என்னைக் கேட்க ஆரம்பித்திருந்தார். "பச்சத் தண்ணியில குளிச்சியா? பரண்ல ஏறிப் புத்தகம் எடுத்தியா? கிரகணத்தன்னிக்கு வெளிய நின்னியா?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவர், "அவள ஒண்ணும் கேக்காதம்மா. ஆகஸ்டுல மிஷின ஓட்டினது நாந்தான்" என்றார். அதோடு என்னைக் கேட்பது நின்றது.

பாவம், தன்னால்தான் என்று நம்புகிறார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 14

பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. படித்த எந்தப் புத்தகத்திலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சாவு வரும், அழுகை வரும், அடுத்த அத்தியாயத்தில் வருடங்கள் கடந்திருக்கும்.

அத்தை பஸ் டிரைவரிடம் சொல்லி வத்தலக்குண்டிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவரச் செய்தார். கதவைத் தாழிட்டு, என் மார்பில் பூவை வைத்துப் பழைய சேலைத் துணியால் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"நாளைக்கு வாடினதும் எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். வத்திரும். கத்தணும்னா கத்துடி, யாரும் இல்ல."

நான் கத்தவில்லை. அத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நானும் ஒண்ணத் தோத்தவதான். பிரிட்டோவுக்கு முந்தி. உங்க மாமனாரு என்னயத்தான் சொன்னாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு. நீ குடுத்து வச்சவ. உனக்கு வாய்ச்சவன் தன்மேல போட்டுக்கிட்டான்."

நான் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். கொடியில் முடிச்சு என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்தது. யாரோட கொடி? அத்தையின் கைகள் அவ்வளவு மெதுவாக இருந்தன. எனக்கு அந்தக் கைகள் வேண்டியிருந்தன.

வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

அக்டோபர் 18

அவர் வேறொரு மிஷினைப் பிரித்துப் போட்டிருக்கிறார். குருமூர்த்தி சார் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜெர்மன் ரம்பம். ஒரு எஸ்டேட்டில் கோழிக்கூண்டின் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்களாம். உடம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பிஸ்டன் டீசலில் ஊறி, மரக்கட்டையால் தட்டத் தட்ட மயிரிழை மயிரிழையாக இறங்கியது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "அதை எடு", "பிடி", "போதும்" மட்டுமே.

மதியம் அவர் பங்குக் கோயிலுக்குப் போனபோது, பூட்டி வைத்திருந்த சிலிண்டரின் புகைவாய் வழியாக எட்டிப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் ஓர் அம்பு பொறித்திருக்கும். அது புகைவாயைப் பார்த்து இருக்க வேண்டும். இது பின்பக்கம் பார்த்து நின்றது. இப்படியே ஓட்டினால் வளையத்தின் முனை துவாரத்தில் சிக்கி உடைந்து, சிலிண்டரையே கீறிவிடும். கற்றுக்கொள்ள வந்தவர்கள்கூடச் செய்யாத தவறு. அவர் செய்திருக்கிறார்.

கழற்றினேன். திருப்பிப் போட்டேன். புதிய கேஸ்கட் தாள் வெட்டி வைத்து, திருகுகளை முன்பு இருந்த அளவுக்கே இறுக்கினேன். அவர் திரும்பி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 21

கண்டுபிடித்துவிட்டார்.

"பிஸ்டனத் திருப்பிப் போட்டது நீதான?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"நான் வெட்டுற கேஸ்கட்டு நாய் கடிச்ச மாதிரி இருக்கும். இது மூலை சுத்தமா இருக்கு." வெகு நாட்களுக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். பிறகு, "சொல்லியிருக்கலாம்ல ஜெனோ" என்றார்.

"சின்ன விஷயந்தான."

"சின்னதோ பெருசோ. தெரிஞ்சா சொல்லிரணும்."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏதோ கேட்பதற்கு நிற்பதுபோல் இருந்தது. நான் கார்புரேட்டரின் சவ்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பழைய சவ்வு விறைத்துவிட்டது, புதிது வந்தால்தான் பெட்ரோலை உறிஞ்சும் என்றேன். கடைசிவரை கேட்டார். "சரி, வரவழைப்போம்" என்றார்.

அக்டோபர் 26

பால் வற்றிவிட்டது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. புல் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்திருந்தார்கள். எங்களுடையது மதில் ஓரத்தில், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளின் வரிசையில். பெயர் இல்லை. அவர் நட்ட சின்னச் சிலுவையில் மழை ஈரம் ஏறிக் கறுத்திருந்தது.

அத்தை மண்டியிட்டார். மனசுக்குள் செபிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "ஆண்டவரே, எம்மகன் தெரியாம செஞ்சத மன்னிச்சிரும். தொழில் ஆசையில செஞ்சிட்டான். அவன் மேல சாபத்த வைக்காதேயும்." பக்கத்துக் கல்லறைகளில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ரோசாலி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் கணவர் மண்டியிட்டபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பஸ் வருமா என்று ரோட்டைப் பார்ப்பது மாதிரி.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்திருந்தால் அணைந்திருக்கும்.

இதையும் எழுதி வைக்கிறேன். ஆகஸ்டில் அவர் மிஷினைக் கிளப்பியபோது நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அது துள்ளியது. பயந்து துள்ளவில்லை, மழையில் நனைய ஓடும் பிள்ளை மாதிரி. இடமிருந்து வலம் ஒரு முழுப் புரளல். நான் சிரித்துவிட்டேன். மிஷின் நின்றதும் அதுவும் நின்றது. இன்னொரு தடவை ஓட்ட மாட்டாரா என்று காத்திருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாட்கள் அது எனக்குள் புரண்டுகொண்டுதான் இருந்தது. அவரிடம் அப்போதும் சொல்லவில்லை. பிறந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அப்பாவின் தொழில் பிடித்திருக்கிறது என்று.

நவம்பர் 7

சவ்வு வந்துவிட்டது. பொருத்தினேன். காயிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தேன். கொட்டகை இருட்டில் சக்கரத்தைச் சுழற்றியபோது பிளக்கின் நுனியில் நீலப் பொறி. அழகாக இருந்தது. ரம்பம் தயார்.

குருமூர்த்தி சார் போன் செய்தார். ஓடுகிற சத்தத்தைப் போனிலேயே கேட்க வேண்டுமாம். "இன்னும் முடியல சார்" என்றார் இவர். முடிந்து எங்கள் இருவருக்கும் நடுவே மேஜைமேல்தான் இருந்தது.

நவம்பர் 12

ரோசாலி அக்கா அவரைக்காய் கொண்டுவந்தார். "உம் மாமியா சாமியார்கிட்ட உம் புருசனுக்குன்னு தனிப் பூசை கேட்டிருக்காகளாம்ல? பாவம், ஆம்பள முகம் செத்துப்போச்சு. டீக்கடையிலகூட யாரும் அவன்கிட்ட ரம்பம் பத்திப் பேசுறதில்லயாம். உனக்குத்தான் அவன் மேல கோவமே இல்லயாடி?"

"இல்லக்கா."

"பெரிய மனசுடி உனக்கு."

அவரைக்காயை நார் உரித்து வைத்தேன். ராத்திரிக்குப் பொரியல்.

ஒரு விஷயம் தள்ளிப்போகப் போகக் கனமாகிறது என்று எங்கோ படித்திருக்கிறேன். அது சரியில்லை. கனமாவதில்லை. அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இப்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 16

பட்டிவீரன்பட்டிக் காண்ட்ராக்டர் தங்கவேல் வந்திருந்தார். குடகில் காப்பித் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டிக் கழிக்கும் வேலைக்கு ஆள் சேர்க்கிறார். புது மிஷின்கள், தங்க இடம், இரண்டு மாதம். இவர் கேள்வி எதுவும் கேட்காமல் சரி என்றுவிட்டார்.

அத்தை அழுதார். "இங்க இல்லாத மரமாடா? நான் என்னமோ வாய்தவறிச் சொன்னேன்னு வீட்ட விட்டுப் போறியா?"

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"வேலைக்கும்மா."

சாயங்காலம் கொட்டகையில் அரங்களைத் துணியில் சுற்றிப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். கருவிப் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எல்லாம் தருவார்களாம், திரும்பி வரப்போகிறவன்தானே என்றார். நான் வாசலில் நின்றேன். நிமிராமலேயே கேட்டார்: "ஜெனோ, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்லியிருப்பேன். அத்தை முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

"அங்க குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்குங்க" என்றேன்.

"ம்" என்றார். கடைசி அரத்தையும் வைத்துவிட்டு, "எடுத்துக்கிறேன்" என்றார்.

நவம்பர் 19

காலை பஸ்ஸில் போனார். ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

நவம்பர் 24

அவர் இல்லாத வீட்டில் அத்தையும் நானும் ஆளுக்கொரு அறையில் அவருடைய பொருட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறோம். இன்று பூசை முடிந்து எல்லோரும் இறங்கிப்போன பிறகு கோயில் மேட்டில் நின்றேன். அங்கே பேசினால் அத்தைக்குக் கேட்காது. போன் போட்டேன்.

பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லாத இடத்துக்கு நடந்து வந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். டாக்டரம்மா சொன்னதை வரிசையாகச் சொன்னேன். கொடி, முடிச்சு, யாராலும் இல்லை. மனப்பாடம் ஆகியிருந்ததால் குரல் நடுங்கவில்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாரு சொன்னா?"

"டாக்டரம்மாதான். உனக்கு முந்தி எங்கிட்டத்தான் வராண்டாவுல வச்சுச் சொன்னாங்க. நீ மயக்கத்துல இருந்த. உங்கிட்ட யாரு சொல்றதுன்னு கேட்டாங்க. நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாய் வராதுன்னேன். சொல்லிட்டேன்னு மறுநாளே எங்கிட்ட சொன்னாங்க."

"அப்புறம் ஏன் அத்தகிட்ட..."

"அம்மா உன்னப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல. நிறுத்தணும்னு தோணுச்சு. வாயில வந்தத சொன்னேன். ரெண்டு நாளைக்குத்தான்னு நெனச்சேன்."

"ரெண்டு நாளைக்கா?"

"உனக்கு உடம்பு தேறணும். தேறினதும் நீ சொல்லுவன்னு பார்த்தேன்."

அங்கே யாரோ குரல் கொடுத்தார்கள். மரம் சாயப்போகிறதாம், விலகச் சொல்கிறார்கள். "ஊருக்குச் சொல்லணும்னு இல்ல ஜெனோ" என்றார். "எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். வைக்கிறேன்."

மரம் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் வைத்துவிட்டார்.

நவம்பர் 25

அத்தை முறத்தில் பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். உரித்துக்கொண்டே சொன்னேன். முழுவதும் கேட்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே."

"பூ கட்டிவிட்டேனே, அன்னிக்கி?"

"தெரியும்."

"கல்லறையில நான் ஊருக்கே கேக்குற மாதிரி செபம் சொன்னேனே, அப்பவும்?"

"தெரியும் அத்தை."

"எம்பிள்ளைய நானே நாலு பேரு முன்னால கொலகாரனாக்கினேன். நீ மெழுகுவத்தியப் பிடிச்சிட்டு நின்ன." தோல்களை ஒருபக்கமாக ஒதுக்கினார். "என்ன, கொடி உன்னோடதுதானடின்னு நான் கேட்டுருவேன்னு பயந்தியாக்கும்?"

"ஆமா."

"கேட்டிருப்பேன்" என்றார் அத்தை. "கண்டிப்பா கேட்டிருப்பேன். ரெண்டு மாசம் கரிச்சுக் கொட்டியிருப்பேன். அப்புறம் விட்டிருப்பேன். அதத் தாங்கியிருக்கலாம்லடி."

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ராத்திரி எனக்குச் சோறு போட்டார். எதிரில் உட்காரவில்லை.

டிசம்பர் 6

மூன்று தடவை போன் போட்டேன். எடுத்தார். சாப்பாடு, மழை, குளிர் எல்லாம் பேசினார். அத்தையிடம் சொல்லிவிட்டேன் என்றேன். "அம்மா போன் பண்ணி அழுதுச்சு" என்றார். எப்போது வருவீர்கள் என்றேன். வேலை முடியட்டும் என்றார். அவர் குரலில் கோபம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசலாம். இல்லை. புது இடத்து முதலாளியிடம் பேசுகிற மரியாதை இருந்தது.

டிசம்பர் 13

குருமூர்த்தி சார் காரில் வந்துவிட்டார். முன்பே சொல்லவில்லை. ஜெர்மன் ரம்பத்தைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டார். "ஓடுமாம்மா?"

"ஓடும்."

"பிரிட்டோ இல்லாம யாரு ஓட்டிக் காட்டுறது?"

எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினேன். முற்றத்தில் வைத்து, பின்பிடியில் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தேன். இரண்டு இழுப்புக்கு இருமியது. மூன்றாவதில் பற்றிக்கொண்டது. மேட்டில் ரோசாலி அக்கா வீட்டுக் கதவு திறந்தது. அதற்கு மேல் வீட்டிலும் திறந்தது. அத்தை அடுக்களை வாசலில் வந்து நின்றார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

சூடேறும்வரை ஓடவிட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது. எங்கேயும் தட்டல் இல்லை. என் வயிற்றின்மேல் கையை வைத்திருந்தேன் என்பது அணைத்த பிறகுதான் தெரிந்தது.

"அருமையா செஞ்சிருக்கான்" என்றார் குருமூர்த்தி சார். ஆமாம் என்றேன். வில்லை அறுக்கவில்லை.

டிசம்பர் 25

நடுச்சாமப் பூசைக்கு அத்தையும் நானும் போனோம். குடகிலிருந்து தங்கவேலின் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் வரவில்லை.

ஜனவரி 23

குடகு வேலை முடிந்துவிட்டது. அவர் அங்கிருந்தே வேறொரு கூட்டத்தோடு சிக்மகளூர்ப் பக்கம் போயிருக்கிறார். இன்று காலை தங்கவேலின் ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து, அவர் தன் கருவிப் பெட்டியையும் அரங்களையும் வாங்கிவரச் சொன்னதாகச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தேன்.